கடனை எடைபோட்ட விஞ்ஞானி

பணமும் வங்கியியலும் குறித்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். அத்தனை ஆண்டுகளில் ஃபிரெடெரிக் சாடி என்ற பெயரை வகுப்பறையில் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. ஐசோடோப்புகளைக் கண்டறிந்த அந்த வேதியியலாளர், தம் வாழ்வின் பிற்பாதியை என் துறைக்கே செலவிட்டார் என்பதை ஓய்வுபெற்ற பிறகுதான் அறிந்தேன்.

1877-இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் தானிய வணிகர் ஒருவரின் கடைசி மகனாகப் பிறந்தார் சாடி. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, 1900-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு ரூதர்ஃபோர்டுடன் இணைந்து, கதிரியக்கத்தின்போது ஒரு தனிமம் தானாகவே வேறொரு தனிமமாக மாறுகிறது என்று நிறுவினார்.

அக்கண்டுபிடிப்பு புதிய சிக்கல் ஒன்றை உடன் கொண்டுவந்தது. 1869-இல் மெண்டலீவ் தனிமங்களை அணு எடை வரிசையில் அடுக்கி, ஒத்த பண்புடையவற்றைக் குடும்பங்களாக்கியிருந்தார். ஈயம் முதல் யுரேனியம் வரை அந்த அட்டவணையில் இருப்பவை 11 இடங்களே. கண்டறியப்பட்ட கதிரியக்கப் பொருள்களோ நாற்பதை நெருங்கின.

கால்சியம், பேரியம் குடும்பத்தைச் சேர்ந்தது ரேடியம். அதனுடன் மீசோதோரியம் கலந்துவிட்டால் எந்த வேதிமுறையாலும் பிரிக்க இயலவில்லை என்பதை, கிளாஸ்கோவில் பணியாற்றியபோது சாடி கண்டார். எடை வேறானாலும் வேதிப்பண்பு ஒன்றாயின் அவை ஒரே தனிமம். அட்டவணையில் ஒரே இடத்துக்கு உரியவை என்று 1913-இல் அறிவித்தார். மருத்துவர் மார்கரெட் டாட், ஒரே இடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஐசோடோப் என்ற பெயரை அமைத்துத் தந்தார். தமிழில் ஓரிடத் தனிமம் என்கிறோம்.

ஈயம் அதற்குச் சான்றானது. சாதாரண ஈயத்தின் அணு எடை 207.2. யுரேனியத் தாதுவில் கிடைத்த ஈயம் 206-ஐ ஒட்டியும், தோரியத் தாதுவில் கிடைத்தது 208-ஐ நெருங்கியும் இருந்தன. அட்டவணையில் காணும் எடை, பலவகை அணுக்களின் சராசரியே என்பது தெளிவாயிற்று. 1921-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு சாடிக்கு வழங்கப்பட்டது.

இதற்கிடையே முதல் உலகப் போர் அவரை மாற்றியிருந்தது. அணு எண்ணின் பொருளை விளக்கிய இளம் அறிஞர் மோஸ்லி, 1915-இல் கலிப்போலி போர்க்களத்தில் மாண்டது அவரை உலுக்கியது. அறிவியல் இத்தனை வளம் தந்தும் வறுமையும் போரும் நீடிப்பது ஏன் என்ற கேள்வி அவரைப் பொருளாதாரத்துக்கு இழுத்து வந்தது.

செல்வத்தையும் கடனையும் வேறுபடுத்தி அவர் எழுதிய நூல் 1926-இல் வெளியானது. உண்மைச் செல்வம் சூரிய ஆற்றலில் பிறப்பது, அது தேயும். தானியம் மட்கும், இயந்திரம் துருப்பிடிக்கும். கடனோ வெறும் எண். கூட்டு வட்டியில் முடிவின்றி வளரும். கடன் வழங்கியே பணத்தை உருவாக்கும் உரிமை வங்கிகளிடம் இருக்கக் கூடாது, அது அரசுக்கே உரியது என்றார். பணத்தைத் தங்கத்தோடு பிணைப்பதையும் எதிர்த்தார்.

பொருளாதார அறிஞர்கள் அவரைப் பித்தர் என்று ஒதுக்கினர். வங்கியாளர்கள் மீதான அவரது சினம் சில இடங்களில் யூத வெறுப்பாகச் சறுக்கியதும் உண்மை. அதை நியாயப்படுத்த இயலாது. ஆயினும், 1931-இல் பிரிட்டன் தங்க அடிப்படையைக் கைவிட்டது. அவருடையதை ஒத்த வங்கிச் சீர்திருத்தத்தை அமெரிக்காவின் சிகாகோ பொருளாதார அறிஞர்கள் 1930-களில் முன்மொழிந்தனர். பல பத்தாண்டுகளுக்குப் பின், சூழலியல் பொருளாதாரம் அவரைத் தன் முன்னோடிகளுள் ஒருவராக ஏற்றது. அதைக் காண அவர் இல்லை, 1956-இல் மறைந்துவிட்டார்.

பத்து விழுக்காடு கூட்டு வட்டியில் கடன் ஏழாண்டுகளுக்குச் சற்று மேல் இரட்டிப்பாகும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை அடைக்க வேண்டிய நிலமும் அதே வேகத்தில் இருமடங்கு விளையுமா என்று ஒருநாளும் மாணவர்களைக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).