விண்மீனின் இறுதியைக் கணித்த இளைஞர்

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம் திருமழிசையில் நடைபெற்றபோது, தை மாத முன்னிரவு ஒன்றில் மின்சாரம் நின்றுபோயிற்று. பூந்தமல்லிச் சாலையின் விளக்கொளியும் தொழிற்பேட்டையின் விளக்கொளியும் ஒருசேர மறைந்தன. அதுவரை நாம் தலை நிமிர்ந்து பாராத வானம் அப்போதுதான் தென்பட்டது. பகலெல்லாம் மண்வெட்டி பிடித்துக் களைத்திருந்த மாணவர்கள் திறந்தவெளியில் பாய் விரித்துப் படுத்திருந்தனர். அவருள் ஒருவர், விண்மீன்களும் இறக்குமா ஐயா என்று வினவினார். தமிழ்த்துறையினராகிய நாம் வானியல் வல்லுநர் அல்லேம். எனினும் படித்தறிந்த அளவில் அன்றிரவு அவர்களுக்குச் சொன்னது ஒரு மனிதரின் வாழ்க்கையை. அதனையே இம்மலருக்கும் எழுதுகிறோம்.

அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் தணிக்கைத் துறை அலுவலர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கிய அறிவுடைப் பெண்மணி. குடும்பம் 1918இல் சென்னைக்கு வந்தது. பன்னிரண்டு அகவை வரை வீட்டிலேயே பாடம். பின்னர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. அதன்பின் கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரி. 1920இல் கணிதமேதை இராமானுசன் மறைந்த செய்தியை நாளிதழில் கண்டு ஒன்பது வயது மகனுக்குச் சொன்னவர் அத்தாயாரே.

கல்லூரியில் படிக்கும்போது போட்டியொன்றில் வென்ற சந்திரசேகருக்குப் பரிசாகக் கிடைத்த நூல், விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி ஆர்தர் எடிங்டன் எழுதியது. இந்நூற்பெயரை நினைவில் கொள்க, பின்னர் வேண்டும். 1928இல் செர்மானிய அறிஞர் சொம்மர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். இளைஞர் அவரைத் தேடிச் சென்று கண்டார். நீ கற்ற இயற்பியல் பழையதாகிவிட்டது என்னும் கருத்துப்படப் பேசிய அவ்வறிஞர், அச்சேறாத தம் கட்டுரை ஒன்றையும் படிக்கக் கொடுத்தார். மனமுடைந்து திரும்பியிருக்க வேண்டிய மாணவர், சில திங்களில் அப்புதிய இயற்பியலைத் தாமே கற்று, ஓர் ஆய்வுக் கட்டுரையை எழுதி இங்கிலாந்துக்கும் அனுப்பிவிட்டார்!

1930இல் இங்கிலாந்து சென்று கற்க அரசு உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாயார் கடும் நோயுற்றிருந்தார். போகவேண்டாம் என்றனர் உறவினர். போகத்தான் வேண்டும் என்றார் தாய். சூலை 31ஆம் நாள் பம்பாயில் பில்ஸ்னா என்னும் கப்பலேறினார் சந்திரசேகர். அடுத்த ஆண்டே தாயார் மறைந்தார். மகன் தாய்முகத்தை மீண்டும் காணவில்லை.

அக்கப்பலில் பத்தொன்பது வயது இளைஞர் செய்த கணக்கு என்ன என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

விண்மீன் என்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயுவாலான உருண்டை. தன் எடையாலேயே அது உள்நோக்கி ஒடுங்க முயல்கிறது. நடுவில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும்போது எழும் வெப்பம் அதனை வெளிநோக்கித் தாங்குகிறது. இவ்விரண்டும் ஒத்து நிற்கும் காலமே விண்மீனின் வாழ்நாள். நம் கதிரவனுக்கு இப்போது ஏறத்தாழ 460 கோடி வயது. இன்னும் 500 கோடி ஆண்டளவு எரிபொருள் இருக்கிறது. நிறை மிகுந்த விண்மீனோ செல்வத்தைத் தாறுமாறாகச் செலவிடும் வீட்டைப் போன்றது, விரைவில் தீர்த்துவிடும். அன்றிரவு நம் தலைக்குமேல் செந்நிறமாய் ஒளிர்ந்த திருவாதிரைக்கு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டே வயது; அதற்குள் அது முதுமையெய்திப் பருத்துவிட்டது. திருவாதிரையை மேனாட்டார் அழைக்கும் பீட்டல்கியூசு என்னும் பெயர் அரபுமொழிச் சொல்லின் திரிபு என்பது நம் மாணவர் அறியத்தக்கது. வானத்து விண்மீன்களை வரிசைப்படுத்தி அப்துர் ரஹ்மான் அல்-சூஃபி 964ஆம் ஆண்டளவில் எழுதிய நூல் ஐரோப்பாவுக்கும் வழிகாட்டிற்று.

எரிபொருள் தீர்ந்தபின் என்னாகும்? கதிரவன் போன்ற விண்மீன் முதலில் பருத்துச் செம்பெருமீனாகி, மேலுறையை உதறிவிட்டு, உள்ளுடல் மட்டும் சுருங்கி வெண்குறுமீனாக எஞ்சும். தென்கிழக்கு வானில் அன்று பேரொளியுடன் நின்ற சிரியசு, அரபுமொழியில் ஷிஃரா, திருக்குர்ஆனில் பெயர் சுட்டப்பெற்ற விண்மீன். அதற்கொரு துணைமீன் உண்டு. 1862இல்தான் தொலைநோக்கியில் அகப்பட்டது. அதன் நிறை கதிரவன் அளவு. உருவோ நம் பூமியினும் சற்றுச் சிறிது! அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பத்து டன்னுக்கு மேல் இருக்கும். திருமழிசைத் தொழிற்பேட்டைக்கு வரும் சுமையுந்து ஒன்றின் பாரம் ஒரு தேக்கரண்டியில்!

எரியும் வெப்பம் தீர்ந்தபின் இவ்வளவு பாரத்தை எது தாங்குகிறது? எலக்ட்ரான்கள் தாங்குகின்றன. ஊர்த் திருக்குளத்துப் படிக்கட்டை எண்ணிப் பார்க்க. கீழ்ப்படிகள் நிரம்பிவிட்டால், பின்வருவோர் மேற்படிகளில்தாம் நிற்கவேண்டும். எலக்ட்ரான்களும் ஒரே நிலையில் நெருங்கி நிற்கமாட்டா. நெருக்க நெருக்க, மேற்படிகளுக்கு, அதாவது மிகு வேகத்துக்குத் தள்ளப்படும். அவ்வேகமே பாரம் தாங்கும் அழுத்தம். 1926இல் ஃபௌலர் இதனைக் கண்டு சொன்னார். எல்லா விண்மீன்களும் இவ்வாறு அமைதியாய் ஒடுங்கும் என்று வானியலார் மனநிறைவு கொண்டிருந்தனர்.

கப்பலில் சந்திரசேகர் கேட்டது ஒரே கேள்வி. எலக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கினால்? அதற்குமேல் விரைய ஐன்ஸ்டீனின் கொள்கை இடந்தராதே. எனவே பாரம் கூடும் அளவுக்கு அழுத்தம் கூடாது. ஓரெல்லைக்கு மேற்பட்ட நிறையை எலக்ட்ரான்களால் தாங்க இயலாது. அவ்வுடல் மேலும் மேலும் ஒடுங்கியே தீரும். அவ்வெல்லை கதிரவனைப் போல் 1.4 மடங்கு என்று பின்னர்த் தெளிவாயிற்று. இங்கிலாந்தில் ஸ்டோனர் என்பாரும் தனியே இதனையொத்த முடிவைக் கண்டிருந்தார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும். ஆயினும் கணக்கை விண்மீனின் முழு உடலுக்கும் பொருத்தி, நெடுங்காலம் பின்தொடர்ந்தவர் சந்திரசேகரே.

கேம்பிரிட்ஜில் 1933இல் முனைவர் பட்டம் பெற்று, டிரினிட்டிக் கல்லூரி ஆய்வாளராகவும் ஆனார். அங்கே எடிங்டன் அவர்தம் அறைக்கே வந்து கணக்கின் போக்கை அடிக்கடி உசாவுவார். பரிசுநூலின் ஆசிரியரே தம் பணியில் ஆர்வம் காட்டினால் எந்த மாணவர்தாம் மகிழார்? 1935 சனவரி 11ஆம் நாள் இலண்டன் அரச வானியல் கழகத்தில் இளைஞர் தம் முடிவை உரைத்தார். அடுத்தெழுந்தார் எடிங்டன். அம்முடிவு இயற்கைக்கே ஒவ்வாத நகைப்புக்குரிய ஒன்று, அதனைத் தடுக்க இயற்கையில் விதியொன்று இருந்தாகவேண்டும் என்னும் பொருள்பட அவர் பேசினார். அவை சிரித்தது. அத்தனை நாள் கலந்து பேசியும் இம்மறுப்பை அவர் இளைஞரிடம் ஒருசொல்லும் வெளியிட்டதில்லை. அவ்வாண்டு பாரிசு மாநாட்டிலும் எடிங்டன் நெடுநேரம் பேசினார். மறுமொழி கூறச் சந்திரசேகருக்கு வாய்ப்பு அளிக்கப்படவில்லை.

எடிங்டன் பிழைபட்டது பெரிதன்று. அறிஞர் பிழைபடுவது உலகியற்கை. உண்மை அறிந்தோர் வாளாவிருந்ததே நம்மை வருத்துவது. சந்திரசேகர் கணக்கில் பிழையில்லை என்பதைப் பவுலி போன்ற பேரறிஞர்கள் அறிந்திருந்தனர். தனிமையில் ஒப்புக்கொள்ளவும் செய்தனர். அவையேறிச் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. டிராக், பயர்ல்சு, பிரைசு ஆகிய மூவர் எடிங்டனின் வாதத்தை மறுத்து எழுதியது 1942இல். ஆசிரியப் பணியில் இருக்கும் நாமும், அவைகளில் முன்வரிசையில் அமரும் பெரியோரும், இவ்விடத்தைப் படிக்கும்போது சற்றே நெஞ்சு உறுத்தப்பெறுவோம்.

சந்திரசேகர் பூசலிட்டுக்கொண்டிருக்கவில்லை. 1936இல் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் உடன்பயின்ற லலிதா அம்மையாரை மணந்தார். 1937இல் அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நிறங்கருதி அவர் வளாகத்தில் பாடஞ்சொல்வதை எதிர்த்தோரும் அங்கு இருந்தனர். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்சு அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1939இல் விண்மீன் அமைப்பைப் பற்றிய தம் முடிவுகள் அனைத்தையும் ஒரு நூலாக்கி வெளியிட்டுவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். அதன்பின் அதுவே அவர் இயல்பாயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டு ஒரு துறை. அதில் முற்றக் கற்று ஒரு பெருநூல். பிறகு புதுத்துறையில் மீண்டும் மாணவர். வானாய்வகத்திலிருந்து ஏறத்தாழ 80 மைல் ஊர்தியோட்டிச் சென்று அவர் பாடஞ்சொன்ன சிறுவகுப்பில் இருந்தவர்களே லீ, யாங் என்னும் சீன இளைஞர்கள். அவ்விருவரும் 1957இல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியர் பெற்றது அவர்களுக்கு 26 ஆண்டு கழித்து.

1944இல் எடிங்டன் மறைந்தபோது சிக்காகோவில் நினைவுரை ஆற்றியவரும் சந்திரசேகரே. தம் காலத்து வானியலாருள் முன்வரிசையில் வைத்து அவரைப் புகழ்ந்தார். பழியை நினைவில் வைத்திருந்தவர் இவ்வாறு பேசியிருக்க மாட்டார் என்று சிலர் கருதுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. மறவாமலே பேசியிருக்கிறார் என்பதே நம் எண்ணம்.

உண்மையோ மெல்ல வெளிப்பட்டது. 1967இல் ஜோசலின் பெல் கண்டறிந்த துடிமீன்கள், வெண்குறுமீனினும் ஒடுங்கிய நியூட்ரான் விண்மீன்கள் என்று தெளிவாயின. அதனினும் ஒடுங்கியவை கருந்துளைகள். 1970களில் அவற்றுக்கும் சான்று கிடைத்தது. எல்லையைத் தொட்ட வெண்குறுமீன் வெடித்துச் சிதறும்போது பெருமளவு இரும்பு பிறக்கிறது என்றும் வானியலார் கண்டனர். அன்று பகலில் மாணவர்கள் பிடித்த மண்வெட்டியின் இரும்பிலும் அத்தகைய வெடிப்புகளின் பங்கு உண்டு. 1983இல் வில்லியம் ஃபௌலருடன் நோபல் பரிசு பெற்றபோது சந்திரசேகருக்கு வயது 73. நியூட்டனின் பெருநூலுக்கு விளக்கம் எழுதி வெளியிட்ட 1995இலேயே, ஆகத்து 21ஆம் நாள் சிக்காகோவில் மறைந்தார்.

1999 சூலை 23இல் அமெரிக்கா ஏவிய ஊடுகதிர் வானாய்வகத்துக்குச் சந்திரா என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. அது சிரியசையும் படம் பிடித்தது. நம் கண்ணுக்குப் பேரொளி காட்டும் பெருமீன் அப்படத்தில் மங்கித் தெரிகிறது. கண்ணுக்குத் தென்படாத அந்த வெண்குறுமீனே அதில் ஒளிமிக்கது.