கல்விக்காகச் சிறை புகுந்த பிரூடென்ஸ் கிராண்டல் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியில் கனெக்டிகட் என்னும் சிறு மாநிலம் உள்ளது. பரப்பளவில் அந்நாட்டின் மிகச் சிறிய மாநிலங்களுள் மூன்றாவது அது. ஆயினும் பொதுக்கல்வியில் முன்னோடியாக விளங்கிற்று. மேற்கே ஓஹையோப் பகுதியில் தனக்கு உரிமையாயிருந்த நிலங்களை 1795இல் 12 இலட்சம் டாலருக்கு விற்று, அத்தொகையைப் பள்ளிகளுக்கெனத் தனி நிதியாக்கியது அம்மாநில அரசு. கல்விக்கு இவ்வளவு பொருள் ஒதுக்கிய அதே அரசு, 38 ஆண்டுகள் கழித்து, கறுப்பினப் பெண்கள் பயின்ற ஒரு பள்ளியை மூடுவதற்கென்றே சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து நின்றவரே பிரூடென்ஸ் கிராண்டல் அம்மையார்.

அம்மையார் 1803ஆம் ஆண்டு, அண்டை மாநிலமாகிய ரோட் ஐலண்டில், குவேக்கர் சமயக் குடும்பத்தில் பிறந்தார். 1831இல் கனெக்டிகட்டின் கான்டர்பரி என்னும் ஊரில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். செல்வர் வீட்டுப் பெண்கள் அங்குப் பயின்றனர். ஊரார் பள்ளியைப் பெருமையாகக் கொண்டாடினர்.

1832இல் சாரா ஹாரிஸ் என்ற கறுப்பின இளம்பெண் அப்பள்ளியில் இடம் கேட்டார். அவர் ஒரு விவசாயியின் மகள். மேலும் கற்றுத் தம் இனக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக வேண்டும் என்பதே அவரது விருப்பம். அம்மையார் இடம் அளித்தார். உடனே எதிர்ப்பு எழுந்தது. சாராவை நீக்காவிட்டால் தங்கள் பெண்களை அனுப்பமாட்டோம் என்றனர் பெற்றோர். அம்மையார் சாராவை நீக்கவில்லை. மாறாக, 1833 ஏப்ரல் முதல் கறுப்பினப் பெண்களுக்காகவே அப்பள்ளியை நடத்தத் துணிந்தார். அடிமை ஒழிப்பு இயக்கத் தலைவர் வில்லியம் லாயிட் காரிசன் அவருக்குத் துணைநின்றார். பிற மாநிலங்களிலிருந்தும் மாணவியர் வந்து சேர்ந்தனர்.

அடுத்த வீட்டில் வசித்த ஆண்ட்ரூ ஜட்சன் என்னும் வழக்கறிஞரே எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். கடைக்காரர்கள் பண்டம் விற்க மறுத்தனர். பள்ளிக் கிணற்றில் சாணம் கொட்டப்பட்டது. அம்மையாரின் தந்தை தொலைவிலிருந்து நீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆன் எலைசா ஹாமண்ட் என்ற 17 வயது மாணவியை விரட்டுவதற்காக, வெளியூர் ஏழைகளுக்கு அபராதமும் கசையடியும் விதிக்கும் பழைய சட்டம் ஒன்றைத் தேடி எடுத்தனர். அப்பெண் அஞ்சி ஓடவில்லை.

இவற்றால் பயனில்லை என்று கண்டபின் அரசை நாடினர். 1833 மே 24இல் சட்டமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. ஊர் அதிகாரிகளின் எழுத்து மூலமான இசைவின்றி, வெளிமாநிலக் கறுப்பினத்தவருக்குப் பள்ளி நடத்துவது குற்றம் என்றது அச்சட்டம். ஜூன் மாதம் அம்மையார் கைது செய்யப்பட்டு ஓர் இரவு சிறையில் வைக்கப்பட்டார். முதல் விசாரணையில் நடுவர் குழு ஒருமுடிவுக்கு வரவில்லை. இரண்டாம் விசாரணையில் நீதிபதி டாகெட், கறுப்பினத்தவர் குடிமக்களே அல்லர் என்று நடுவர் குழுவுக்கு எடுத்துரைத்தார். அம்மையார் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 1834 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டு வரையப்பட்டதில் இருந்த குறையைக் காட்டி அத்தீர்ப்பைத் தள்ளியது. உரிமை பற்றிய கேள்விக்கு அது விடை கூறவில்லை.

நீதிமன்றத்தில் தோற்றவர்கள் தடி எடுத்தனர். 1834 செப்டம்பர் 9 இரவு ஒரு கும்பல் பள்ளியின் சன்னல்களை அடித்து நொறுக்கியது. மாணவியரின் உயிரைக் கருதி அம்மையார் மறுநாள் பள்ளியை மூடினார். பின்னர் கணவருடன் மாநிலத்தை விட்டே வெளியேறினார்.

எனினும் காலம் மாறியது. 1838இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1868இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் கறுப்பினத்தவரின் குடியுரிமையை உறுதிசெய்தது. அதே ஆண்டில் கனெக்டிகட்டின் பொதுப் பள்ளிகள் எல்லா இனத்தவர்க்கும் திறக்கப்பட்டன. 1886இல், கான்டர்பரி மக்களே விண்ணப்பித்ததன் பேரில், கான்சஸ் மாநிலத்தில் வறுமையில் வாழ்ந்த அம்மையாருக்கு ஆண்டுக்கு 400 டாலர் உதவித்தொகை வழங்கியது கனெக்டிகட் சட்டமன்றம். எழுத்தாளர் மார்க் ட்வைன் அம்முயற்சியை ஆதரித்தார். 1890இல் அம்மையார் மறைந்தார். 1995இல் அம்மாநிலம் அவரைத் தன் வீராங்கனையாக அறிவித்தது. அன்று கல்லெறிபட்ட அவ்வீடே பின்னாளில் அருங்காட்சியகமாயிற்று.

அரசு பள்ளிக்கு நிதி ஒதுக்குவது நன்று. ஆனால் அப்பள்ளியில் யார் அமரலாம், யார் அமரக்கூடாது என்பதையும் அரசே வரையறுக்கும்போது, அந்நிதி அனைவர்க்கும் உரியதாகாது. தவற்றைத் திருத்த அவ்வரசுக்கு நெடுங்காலம் பிடித்தது. அதற்கு வழிகோலியது ஓர் ஆசிரியையின் உறுதி மட்டுமன்று. இடம் கேட்கத் துணிந்த ஒரு மாணவியின் விருப்பமுமாகும். சாரா ஹாரிஸ் பின்னாளில் தம் முதல் மகளுக்குப் பிரூடென்ஸ் கிராண்டல் என்றே பெயரிட்டார்.

மகாத்மா ஜோதிராவ் புலே, 1873இல் வெளியிட்ட தமது குலாம்கிரி நூலை, அடிமைத்தளையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். கல்விக்காகப் போராடியவர்களிடையே கடல் கடந்த உறவு உண்டு. நம் இளைஞர்கள் வகுப்பறையில் அமரும்போது, அவ்விருக்கைக்காக உலகின் பல மூலைகளில் துன்புற்றோரை நினைவில் கொள்வார்களாக. தாம் பெற்ற கல்வியைச் சாரா விரும்பியவாறே தம் மக்களுக்கும் எடுத்துச் செல்வார்களாக.