உயிரணுவின் மூச்சை அளந்தவர்

நாம் உண்ணும் உணவும் உள்ளிழுக்கும் காற்றும் உடலுக்குள் எங்கே சந்திக்கின்றன? நுரையீரலில் என்று சொல்லத் தோன்றும். ஆனால் நுரையீரல் வாயில் மட்டுமே. உண்மையான சுவாசம் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் நடைபெறுகிறது. அந்தச் சுவாசத்தை அளப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க்.

இளமையும் கல்வியும்

வார்பர்க் 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் ஃபிரைபர்க் நகரில் பிறந்தார். தந்தை எமில் வார்பர்க் யூத மரபில் வந்தவர். புகழ்பெற்ற இயற்பியல் பேராசிரியர். மகன் வேதியியலை நாடினார். நோபல் பரிசு பெற்ற எமில் ஃபிஷரிடம் பயின்று 1906-இல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். அத்துடன் நிற்கவில்லை. மருத்துவமும் கற்று 1911-இல் ஹைடல்பர்க்கில் இரண்டாவது முனைவர் பட்டத்தைப் பெற்றார்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் கடல் அர்ச்சின் என்னும் முள்ளுடல் உயிரியின் முட்டைகளை ஆராய்ந்தார். கருவுற்றதும் அம்முட்டைகள் பன்மடங்கு ஆக்சிஜனை ஏற்பதைக் கண்டார். 1913-இல் கினிப்பன்றியின் ஈரலை அரைத்து ஆராய்ந்தபோது, சுவாசம் சில நுண்துகள்களைச் சார்ந்தே நடப்பதை அறிந்தார். அத்துகள்களையே இன்று நாம் மைட்டோகாண்ட்ரியா என்கிறோம்.

முதல் உலகப் போரில் குதிரைப் படையில் சேர்ந்து போர்முனைக்குச் சென்றார். இத்தகைய அறிஞர் களத்தில் மடியக்கூடாது என்று அஞ்சிய நண்பர்களின் வேண்டுகோளுக்கிணங்க, ஐன்ஸ்டீனே 1918-இல் அவருக்குக் கடிதம் எழுதி ஆய்வுக்குத் திரும்புமாறு கேட்டுக்கொண்டார்.

புற்றுநோய் ஆராய்ச்சி

பெர்லினுக்குத் திரும்பிய வார்பர்க், திசுவை மெல்லிய சீவல்களாக்கி மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்தார். திசு ஆக்சிஜனை உட்கொள்ள, குடுவையின் அழுத்தம் குறையும். இணைந்துள்ள குழாயில் திரவம் நகரும். நகர்ந்த அளவே சுவாசத்தின் அளவு. எளிய கருவிதான், ஆனால் அது காட்டியது எளிய செய்தியன்று.

1920-களில் புற்றுக்கட்டியின் சீவல்களை அவ்வாறே அளந்தார். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அவை குளுக்கோசை லாக்டிக் அமிலமாக மாற்றிக் குவித்தன. பால் தயிராகும்போது உண்டாகும் அதே அமிலம்! காற்று கிடைத்தும் புற்றணு நொதித்தலை நாடுவது ஏன்? சுவாசக் கருவி சிதைந்ததே புற்றுநோயின் மூலகாரணம் என்று அவர் முடிவு கட்டினார்.

இரும்பு அடங்கிய சுவாச நொதியை ஆராய்ந்ததற்காக 1931-இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். வார்பர்க்கின் மாணவராயிருந்த ஹான்ஸ் கிரெப்ஸ் யூதர் என்பதால் பதவி பறிக்கப்பட்டு இங்கிலாந்து சென்றார். வார்பர்க் தம் ஆய்வுக்கூடத்தை விட்டு அகலவில்லை. 1941-இல் பதவி நீக்கப்பட்டும், புற்றுநோய் ஆய்வைத் தொடரச் சில வாரங்களிலேயே திரும்ப அனுமதிக்கப்பட்டார். அத்தகைய ஆட்சியின் கீழ் ஆய்வைத் தொடர்ந்தது சரியா என்னும் கேள்வி அவர் வரலாற்றோடு ஒட்டியே நிற்கிறது.

நின்றதும் நில்லாததும்

1956-இலும் அவர் தம் முடிவையே வலியுறுத்தினார். சிட்னி வெயின்ஹவுஸ் போன்றோர், பல புற்றணுக்களில் சுவாசம் சிதையாமலே உள்ளது என்று மறுத்தனர். வார்பர்க் இறுதிவரை இணங்கவில்லை. 1970 ஆகஸ்ட் 1-ஆம் நாள் பெர்லினில் காலமானார்.

விடை பின்னர் வந்தது, அவர் எண்ணாத திசையிலிருந்து. ஓர் உயிரணு தன் மைட்டோகாண்ட்ரியாவை மற்றோர் உயிரணுவுக்கு வழங்க முடியும் என்றும், அதனால் இழந்த சுவாசம் மீளும் என்றும் 2006-இல் ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டது. எலும்பு மச்சையின் உயிரணுக்கள் எலிகளின் பழுதுற்ற நுரையீரல் உயிரணுக்களுக்கு இவ்வாறு உதவுவது 2012-இல் தெரியவந்தது. ஆனால் கொடை நோய்க்கும் துணைபோகும். மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. நீக்கப்பட்ட புற்றணுக்களை எலிகளுக்குள் செலுத்தினர். கட்டி உடனே வளரவில்லை. எலியின் உயிரணுக்களிலிருந்து அந்த டி.என்.ஏ.வைப் பெற்ற பின்னரே வளர்ந்தது. நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவின் இம்முடிவு 2015-இல் வெளியாயிற்று. சுவாசத்தை இழந்ததால் புற்றணு பிறக்கிறது என்றார் வார்பர்க். புற்றணுவோ அச்சுவாசத்தைப் பிறரிடமிருந்து பெற்றாவது வளர முற்படுகிறது!

அப்படியானால் வார்பர்க் தோற்றாரா? இல்லை. புற்றணு மிகுதியாகக் குளுக்கோசை உண்கிறது என்ற அவர் அளவீடு இன்றும் நிற்கிறது. உடலில் கட்டி இருக்குமிடத்தைக் காட்டும் 'பெட்' ஸ்கேன் அதன் அடிப்படையிலேயே இயங்குகிறது. அவர் தந்த விளக்கம்தான் நிலைக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நுழையும் மாணவர்களுக்கு இவ்வாழ்க்கை இரண்டு பாடங்களைத் தருகிறது. அளப்பதில் வார்பர்க்கைப் போல் உறுதியாக இருக்க வேண்டும். அளந்ததற்குப் பொருள் சொல்லும்போது, மாற்றிக்கொள்ளும் மனமும் வேண்டும்.