பெயரை மறைத்த சிரிப்பு மன்னர் – ரோனி பார்க்கர்



நம்ம சுவர் இதழில் வாழ்க்கை வரலாறு என்றாலே தலைவர்கள், விஞ்ஞானிகள், கவிஞர்கள்தான் வருவாங்க. இந்த முறை நான் ஒரு சிரிப்பு நடிகரைப் பற்றி எழுதுகிறேன். நாலு பேரைச் சிரிக்க வைக்கிறது சாதாரண வேலையா என்ன? அவர் பெயர் ரோனி பார்க்கர். இங்கிலாந்து நாட்டுக்காரர். நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். சித்தப்பா போனில் அவர் நடித்த ஒரு காட்சியைப் பார்த்தேன். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதன் பிறகுதான் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

இளமைக் காலம்

ரோனி பார்க்கர் 25.9.1929 அன்று பெட்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஒரு எண்ணெய்க் கம்பெனியில் குமாஸ்தா. ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. சின்ன வயதிலேயே குடும்பம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்துவிட்டது. கட்டடக்கலை படிக்கப் போனார், பாதியில் விட்டுவிட்டார். பிறகு வங்கியில் வேலை கிடைத்தது. நம்ம வீட்டில் என்றால் வங்கி வேலை கிடைத்ததுக்கு சாமிக்குப் பொங்கல் வைப்பாங்க! ஆனால் அவர் மனசு முழுவதும் நாடகத்தில்தான் இருந்தது. 1948ல், 19 வயதில், வங்கி வேலையை விட்டுவிட்டு எய்ல்ஸ்பரி என்ற ஊரில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டு நாடக அரங்கிலும் சில வருடம் நடித்தார். அதன் பின் லண்டன் மேடை, வானொலி என்று படிப்படியாக முன்னேறினார். 1957ல் திருமணம். மூன்று பிள்ளைகள்.

1966ல் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஃப்ராஸ்ட் ரிப்போர்ட் என்ற நிகழ்ச்சி வந்தது. அதில் ஒரு காட்சி மிகவும் புகழ் பெற்றது. உயரமான ஜான் கிளீஸ், நடுத்தர உயரம் கொண்ட பார்க்கர், குள்ளமான ரோனி கார்பெட் மூன்று பேரும் வரிசையாக நிற்பாங்க. உயரமானவர் பணக்காரர், நடுவில் இருப்பவர் நடுத்தர வர்க்கம், குள்ளமானவர் ஏழை. யார் யாரை நிமிர்ந்து பார்க்கணும், யார் யாரைக் குனிந்து பார்க்கணும் என்பதுதான் காட்சி. சிரிப்போடு சேர்த்து சுருக்கென்று குத்தவும் செய்யும்.

யார் அந்த ஜெரால்டு வைலி?

இனிமேல்தான் சுவாரசியமே இருக்கிறது! 1968 வாக்கில் பார்க்கர் வேறொரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நடித்துக்கொண்டிருந்தார. அந்த நிகழ்ச்சிக்கு ஜெரால்டு வைலி என்பவரிடமிருந்து நகைச்சுவைக் காட்சிகள் எழுதி வர ஆரம்பித்தன. அவர் வெளியே வராத கூச்ச சுபாவக்காரர் என்று சொன்னாங்க. பார்க்கரின் ஏஜெண்ட் மூலமாகத்தான் தாள்கள் வரும். ஆளை யாரும் பார்த்ததே இல்லை. ஆனால் எழுத்து பிரமாதம்! பெரிய நாடக ஆசிரியர் யாரோதான் புனைபெயரில் எழுதுகிறார் என்று எல்லோரும் ஆளுக்கு ஒரு பெயரைச் சொன்னாங்க.

கடைசியில் ஒரு நாள், ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த சீன உணவகத்தில் வைலி எல்லோருக்கும் விருந்து வைக்கிறார் என்று செய்தி வந்தது. எல்லோரும் ஆவலாகக் காத்திருந்தாங்க. பார்க்கர் எழுந்து நின்று, நான்தான் வைலி என்றார். முதலில் ஒருத்தரும் நம்பவில்லையாம்!

ஏன் இப்படிச் செய்தார்? தன் பெயரைப் போட்டுக் கொடுத்தால், கூட நடிக்கிறவர் எழுதினது ஆச்சே என்று முகத்துக்காக நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. பிடிக்காவிட்டாலும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. எழுத்து நிஜமாகவே நல்லா இருக்கா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதனால் பெயரை மறைத்தார். சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, வைலி எழுதியதை அவரே சில சமயம் குறையும் சொல்லுவாராம்.

களி தின்ற கதையும் கஞ்சக் கடைக்காரரும்

1971 முதல் 1987 வரை பார்க்கரும் கார்பெட்டும் சேர்ந்து நடத்திய டூ ரோனிஸ் நிகழ்ச்சி இங்கிலாந்தையே சிரிக்க வைத்தது. 1973ல் ஏழு தனித்தனி நகைச்சுவை நாடகங்களில் நடித்தார். அதில் இரண்டு பெரிய தொடர்களாக வளர்ந்தன. ஒன்று பாரிட்ஜ். பாரிட்ஜ் என்றால் கஞ்சி. ஜெயிலுக்குப் போறதை நாம களி தின்னப் போறான்னு சொல்றோம் இல்லையா? அவங்க கஞ்சி என்று சொல்றாங்க! அதில் பார்க்கர் ஃபிளெட்சர் என்ற கைதி. இன்னொன்று ஓப்பன் ஆல் அவர்ஸ். அதில் மளிகைக் கடை வைத்திருக்கும் மகா கஞ்சர். அவர் கடைக் கல்லாப்பெட்டி, விரலையே கடிக்கிற மாதிரி பட்டென்று மூடும்.

பலருக்குத் தெரியாத தொடர்களும் இருக்கின்றன. 1972ல் ஜொனாதன் கோபால்டு என்ற பெயரில் பார்க்கரே எழுதி நடித்தார். ஒரு பிரபுவின் மாளிகை ஓட்டலாக மாறிய கதை. ஓட்டலை வைத்து எடுத்த புகழ்பெற்ற ஃபால்ட்டி டவர்ஸ் தொடர் வந்தது 1975ல்தான். அதற்கு மூன்று வருடம் முன்பே இவர் எழுதிவிட்டார். ஆனால் பெரும்பாலான நாடாக்கள் அழிக்கப்பட்டுவிட்டன. கடைசித் தொடர் கிளாரன்ஸ் 1988ல் வந்தது. கண் சரியாகத் தெரியாத, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழிலாளியின் கதை. அதையும் பாப் ஃபெர்ரிஸ் என்ற பெயரில் அவர்தான் எழுதினார்.

நாலு மெழுகுவர்த்தி

அவர் எழுதியதிலேயே மிகவும் புகழ்பெற்ற காட்சி ஒன்று 1976ல் வந்தது. ஒருவர் ஹார்டுவேர்ஸ் கடைக்கு வந்து ஃபோர்க் ஹேண்டில்ஸ் கேட்கிறார். அதாவது மண் கிளறும் கருவிக்குக் கைப்பிடி. கடைக்காரர் காதில் ஃபோர் கேண்டில்ஸ் என்று விழ, நாலு மெழுகுவர்த்தியை எடுத்து வைக்கிறார். இப்படியே ஒவ்வொரு சாமானுக்கும் குழப்பம்! அவர் கையால் எழுதிய அந்தக் காட்சியின் தாள்கள் 2007ல் 48,500 பவுண்டுக்கு ஏலம் போயின. கையெழுத்துப் பத்திரிகை நடத்தும் நாம் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்!

புகழின் உச்சியில், 58 வயதிலேயே, நடிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு மனைவியோடு ஒரு பழம்பொருள் கடை நடத்தினார். பல வருடம் கழித்து ஒன்றிரண்டு படங்களில் மட்டும் நடித்தார். 3.10.2005 அன்று இதயக் கோளாறால் மறைந்தார். 2006 மார்ச்சில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவு வழிபாடு நடந்தது. வழக்கமாக இரண்டு மெழுகுவர்த்தி ஏந்தி வருவாங்க. அன்றைக்கு நாலு ஏந்தி வந்தார்கள்! அழுகிற இடத்திலும் சிரிக்க வைத்துவிட்டார்.

நாம் கற்க வேண்டியது

புனைபெயரில் எழுதுவது பொய் இல்லையா என்று என் தோழி கேட்டாள். அவர் யாரையும் ஏமாற்றி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தை மட்டும் பாருங்கள் என்றுதான் கேட்டார் என்று நான் சொன்னேன். பொய் சொல்லாமல் அதையே நாமும் செய்யலாம்.

நம்ம இதழில் எல்லோரும் முதலில் பார்ப்பது கீழே இருக்கும் பெயரைத்தான். முதல் ரேங்க் எழுதினால் படிக்கிறாங்க. கடைசி பெஞ்ச் எழுதினால் எதிலே காப்பி அடிச்சேன்னு கேட்கிறாங்க. பொண்ணுங்க நகைச்சுவை எழுதினால் உங்க அண்ணன் எழுதிக் கொடுத்தானான்னு கேட்கிறாங்க. அதனாலேயே எழுதி வைத்துக் கொடுக்காதவங்க எங்க வகுப்பிலேயே மூணு பேர் இருக்காங்க.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். இந்த ஆண்டு விழா நாடகத்துக்கு ஒரு பெட்டி வையுங்கள். தாளில் பெயர் வேண்டாம், ஒரு எண் போதும். எண்ணும் பெயரும் எழுதிய சீட்டு தனி உறையில் ஒட்டி இருக்கட்டும். நாடகத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு உறையைப் பிரியுங்கள். என் நாடகம் தேறாமல் போனாலும் பரவாயில்லை. நிஜமாகவே நல்லா இல்லை என்றாவது எனக்குத் தெரியுமே!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி