கால்டுவெல் ஐயர்

அயர்லாந்தில் 1814-ஆம் ஆண்டிற் பிறந்து, இளமையிலேயே கிளாஸ்கோ நகருக்குப் பெயர்ந்து வளர்ந்த இராபர்ட் கால்டுவெல், 1838-இல் சென்னைத் துறையில் வந்திறங்கினார். ஐரோப்பியர் பல்லக்கேறி வழிச்சென்ற காலம் அது. இவரோ, 1841-இல் நெல்லைநாட்டுக்குப் புறப்பட்டபோது, மக்களையும் அவர்தம் பேச்சையும் வழிநெடுக அறியவேண்டிக் கால்நடையாகவே சென்றார். நேர்வழியும் கொண்டாரல்லர், தஞ்சை, திருச்சி, கோவை, நீலகிரி, மதுரை எனச் சுற்றியே சென்றார்.

பனையும் மணலும் சூழ்ந்த இடையன்குடி அவருக்கு ஊராயிற்று. ஆங்குத் தெருக்களை ஒழுங்குற வகுத்தார். 1844-இல் அவர் மணந்த எலைசா அம்மையார் நாகர்கோயிலில் வளர்ந்தவர். தமிழ் அவருக்குக் குழந்தைப்பருவ மொழி. வீட்டிலேயே இத்தகைய ஆசான் வாய்ப்பது எளிதோ!

எனினும், தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த நாடார் மக்களைக் குறித்து 1849-இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல் அவர்களைப் பெரிதும் புண்படுத்திற்று. ஊருள் வாழ்ந்தும், எட்டநின்ற அயலாராகவே அதனை எழுதினார் என்பேன். கற்றோர் அவர்களுட் பெருகியபின் கண்டனம் மூண்டது; முதுமையில் ஐயர் அந்நூலை வழக்கினின்றும் விலக்கிக்கொண்டார். 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தின் பெருமையை யாவரும் அறிவர், ஈண்டு விரித்திலேன்.

1847-இல் தொடங்கிய இடையன்குடிக் கோயில் 1880-இல் முற்றுப்பெற்றது. 1891-இல் ஓய்வுபெற்றுக் கோடைக்கானல் சென்ற ஐயர், அவ்வாண்டே ஆங்கு உயிர்நீத்தார். குளிர்மலையில் அடக்காது, அவருடலை இடையன்குடிக்குக் கொணர்ந்து, அக்கோயிலினுள்ளே அடக்கம் செய்தனர்.