முத்து விளைத்த மிகிமோட்டோ

இன்று நம் மகளிர் அணியும் முத்து மாலைகளுட் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துக்களால் ஆனவையே. ஆழ்கடலில் மூழ்கித் தேடிய அரும்பொருளைப் பயிர்போல் விளைவித்து உலகெங்கும் பரப்பியவர் ஜப்பானியரான கோகிச்சி மிகிமோட்டோ ஆவார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1858ஆம் ஆண்டில், டோபா என்னும் கடற்கரையூரில், கோதுமைச் சேவை சமைத்து விற்கும் எளிய கடைக்காரரின் மூத்த மகனாகப் பிறந்தார். இளமையிற் காய்கறி விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். அளவின்றி அள்ளியதால் முத்துச்சிப்பி அருகி வருதலைக் கண்டு, 1888இல் சிப்பி வளர்ப்பைத் தொடங்கினார். சிப்பிக்குள் அயற்பொருளை இட்டு முத்து விளைவிக்கக்கூடும் என்பதை டோக்கியோப் பேராசிரியர் மிட்சுகுரியிடம் அறிந்து, அம்முயற்சியில் இறங்கினார்.

1892இல் நுண்ணுயிர்கள் பெருகிக் கடல்நீர் செந்நிறமாயிற்று; சிப்பிகளிற் பெரும்பாலானவை மடிந்தன. எனினும் மனம் தளராது, எஞ்சியவற்றைப் பேணினார். 1893 ஜூலை 11 அன்று அவரும் மனைவியார் உமே அம்மையாரும் அரைவட்ட முத்தைக் கண்டனர். அதற்குக் காப்புரிமை கிடைத்த 1896ஆம் ஆண்டிலேயே அம்மையார் தமது 32ஆம் வயதில் மறைந்தார். வறுமையிற் பங்குகொண்ட அவருக்கு, பின்வந்த வாழ்வைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

1905இல் மீண்டும் கடல் சிவந்தது. சுமார் 8,50,000 சிப்பிகள் அழிந்தன. அழிந்தவற்றை ஆராய்ந்த மிகிமோட்டோ, அவற்றினுள் ஐந்து முழு உருண்டை முத்துக்களைக் கண்டார். ஆயினும், இன்று நிலவும் உருண்டை முத்து முறைக்கு வழிகோலியவர்கள் அவர் மருமகனார் நிஷிகாவாவும் மிசே என்பவருமே என்பதை நாம் மறத்தலாகாது. ஓட்டிற் கடைந்த மணியொன்றையும், வேறொரு சிப்பியின் மேலுறைத் தசைத்துண்டையும் உள்ளே வைப்பதே அம்முறை. ஆஸ்திரேலியாவின் பெரிய தென்கடல் முத்தும், டஹிட்டியின் கருமுத்தும் அவ்வாறே விளைகின்றன. சீனத்து நன்னீர் முத்தோ, மணியின்றித் தசைத்துண்டு மட்டும் கொண்டும் விளைகிறது. நம் தூத்துக்குடியிலும் 1973இல் ஆய்வாளர் அழகர்சுவாமி உருண்டை முத்து விளைவித்தார்.

1921இல் லண்டனிலும் பாரிஸிலும் வணிகர் பலர், வளர்ப்பு முத்து போலி எனப் பழித்தனர். 1924இல் பாரிஸ் நீதிமன்றத்தின் தீர்ப்பு அவர் பக்கமே நின்றது. மனிதர் தொடங்கிவைப்பினும், முத்தை ஆக்குவது சிப்பியே அன்றோ! அதேபோழ்து, தம் பண்டத்தின் நற்பெயரையும் அவர் காத்தார். 1932இல் கோபே நகரில், தரங்குறைந்த முத்துக்களைப் பலரறியத் தீயிலிட்டார்.

1954இல், தமது 96ஆம் வயதில் மிகிமோட்டோ இயற்கை எய்தினார். இருமுறை கடல் பறித்தும் மீண்டும் கடலையே நம்பிய அவர்தம் உறுதி, பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நமக்கும் ஊக்கம் தருவதாகும்.