மயிலையில் வாங்கிய கப்பல்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் ஷிப்டு மாறி உழைக்கும் நம் இளைஞர்கள் சிலர் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வரத் தயங்குகிறார்கள். போன முறை சொன்ன அதே பாவத்தை மறுபடியும் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். குருக்களாகிய நாமும் அதை அறியாதவர்கள் அல்லர். இவர்களை மனத்தில் கொண்டு, புனித பிரான்சிஸ் சவேரியாரின் வாழ்வில் நமக்கு அருகிலுள்ள மயிலையிலேயே நடந்த ஒரு நிகழ்வை நினைவுகூர்வோம்.

1506-இல் நவார் நாட்டில் பிறந்த சவேரியார், பாரிசில் பட்டமும் பதவியும் தேடியவர். உடன் தங்கியிருந்த இஞ்ஞாசியார் பொறுமையோடு காத்திருந்துதான் அவரை மனந்திருப்பினார். 1534-இல் வார்த்தைப்பாடு, 1542-இல் கோவா, பிறகு முத்துக்குளித்துறை. அடுத்து எங்கே செல்வது என்று தெளிவு வேண்டி 1545-இல் புனித தோமாவின் கல்லறையை நாடி மயிலைக்கு வந்தார். ஏறக்குறைய நான்கு மாதங்கள் பங்குக்குருவின் இல்லத்தில் தங்கினார்.

அங்கே ஜுவாவோ தெ எய்ரோ என்ற போர்த்துக்கீசிய வணிகர் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அவரைப் பின்செல்வதாக முடிவெடுத்தார். ஆனால் மனம் மாறிவிட்டது. இரகசியமாக ஒரு கப்பலை வாங்கிப் புறப்பட ஆயத்தமானார். அப்போது சவேரியார் ஒரு சிறுவனை அனுப்பி அவரை அழைத்தார். யாருக்கும் தெரியாது என்ற துணிவோடுதான் எய்ரோ போனார். நீர் பாவம் செய்துவிட்டீர் என்று சவேரியார் சொன்னதும் அவரால் மறைக்க முடியவில்லை. மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தார். கப்பலை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார்.

கவனியுங்கள், எய்ரோ தாமாகத் திரும்பி வரவில்லை. அவரைத் தேடி ஆள் வந்தது. மனிதர் மனம் வருந்தத் தொடங்குமுன்பே இறையருள் முந்திக்கொண்டு அழைக்கிறது என்று திரெந்து பொதுச்சங்கம் கற்பித்தது இதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1547-இல்.

எய்ரோ அதோடு புனிதராகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சவேரியாரோடு மலாக்காவுக்கும் அதற்கு அப்பாலும் பயணம் செய்தவர், அவருக்குத் தெரியாமல் செல்வரிடம் பணம் பெற்றுக் கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். இயேசு சபையில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் பிரான்சிஸ்கன் சபைத் துறவியானார்.

சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையருகே சான்சியன் தீவில் இறந்தார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய வாழ்வு குறித்துச் சாட்சியங்கள் திரட்டப்பட்டபோது எய்ரோவும் சாட்சி சொன்னார். அந்தக் கப்பலைப் பற்றிச் சொன்னவர் அவரேதான்.